இரண்டு வயது கூட்டிச் சொன்னேன்

பிளாக்பர்ன்,
1857 மார்ச் 9, திங்கட்கிழமை

அன்பு மகள் கெசியாவுக்கு அம்மா எழுதுவது. மூச்சு ஓடுகிறது, கால் நடக்கிறது, அந்த அளவில் நான் நலம். உன் இருமல் குறைந்திருக்கும் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். எப்போதும் எதிர்வீட்டு மார்த்தா எழுதித் தருவாள், ஆனால் இதை அவள் பார்க்கக் கூடாது. அதனால் நீ கற்றுக்கொடுத்த எழுத்தில் நானே எழுதுகிறேன், கோணல்மாணலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு தனியாக இருக்கும்போது படி.

உன் பெரியப்பா ஏனோக் வந்திருக்கிறார். உன்னைப் பெற்ற அப்பாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் காய்ச்சலில் போனதும் உன்னை ஏழை விடுதி வாசலில் விட்டுவிட்டுப் போன அதே மனிதர்தான். பதினைந்து வருஷமாக நீ இருக்கிறாயா செத்தாயா என்று கேட்காதவருக்கு, மனைவி பக்கவாதத்தில் விழுந்ததும் இரத்த உறவு நினைவுக்கு வந்துவிட்டது. அந்த அம்மாளைத் தூக்கி உட்கார வைக்க, பீத்துணி அலச, சம்பளம் கேட்காத ஓர் ஆள் வேண்டும். தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு, “இருபத்தோரு வயசு ஆகாத பொண்ணு மேல எனக்குத்தான் உரிமை, நீ யாரு, ஆலையில பஞ்சு சிக்கெடுக்கிறவதானே” என்றார். “ஆமாய்யா, அந்தப் பஞ்சுக் கையாலதான் உங்க வீட்டுப் பிள்ளைக்குப் பேன் பார்த்தேன், அப்போ நீங்க எந்த ஊருக்குப் போயிருந்தீங்க” என்று கேட்டேன். நேராக நீதிபதியிடம் போய்விட்டார். ஆணை கிடைத்தால் நீ இருக்கும் எக்ஸிடருக்கே வந்து உன்னைப் பள்ளியிலிருந்து இழுத்துப் போவார், உன் ஆசிரியை வேலை அதோடு முடிந்தது.

சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, பைபிளை முத்தமிட்டுச் சத்தியம் செய்ய வைத்து, உனக்கு என்ன வயது என்று கேட்டார்கள். இருபத்தொன்று ஆகிவிட்டது என்றேன். நீ முழுநாள் வேலைக்குச் சேர்ந்தபோது ஆலை மருத்துவர் கொடுத்த சீட்டைக் காட்டினேன், 1849 ஜனவரியில் பதிமூன்று என்று கையெழுத்தோடு இருக்கிறது. நீதிபதி ஏனோக்கிடம் திரும்பி, “சரி, உங்க தம்பி மக எந்த மாசம் பொறந்தா” என்று கேட்டார். அவர் கூரையைப் பார்த்துவிட்டு, “நல்ல மழைன்னு ஞாபகம்” என்றார். பின்னாலிருந்து யாரோ, “ஐயா, பிளாக்பர்ன்ல மழை இல்லாத மாசம் எதுங்க” என்று கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அந்தச் சீட்டு பொய், கெசியா. உனக்குப் பத்தொன்பதுதான். ஏழை விடுதியிலிருந்து உன்னை நான் கூட்டி வந்தபோது உன் பாவாடை மடிப்புக்குள் உன் அம்மா ஒரு காகிதத்தை வைத்துத் தைத்திருந்தாள், ஞானஸ்நானச் சீட்டு, பிறந்தது 1837 நவம்பர் என்று. சட்டப்படி பதிமூன்று ஆகாதவர்களுக்கு அரைநாள் ஆலை, அரைநாள் பள்ளி, கூலியும் பாதிதான். 1849 குளிர்காலத்தில் என் கை இயந்திரத்தில் மாட்டி நான் வீட்டில் கிடந்தேன், ரொட்டி இல்லை. பதினொரு வயதான உன்னை மரச்செருப்புக்குள் கந்தல் திணித்து உயரமாக்கிக் கூட்டிப் போனேன். மருத்துவர் காகிதம் எதுவும் கேட்கவில்லை, குதிரை வாங்குகிறவன் மாதிரி வாயைத் திறந்து பார்த்து, “கடைவாய்ப் பல்லு வந்தாச்சு, பதிமூணு, அடுத்தது” என்றார். எங்கள் தெருவில் எல்லாரும் இதைச் செய்தார்கள். செய்யாமல் இருக்க முடியாதபடி எங்களை வைத்திருந்த ஆலைக்காரர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து உண்மையைப் பற்றிப் பிரசங்கம் கேட்டார்கள். நீ பள்ளிக்காக ஒரு மாதம் அழுதாய். இன்றைக்கு உன் நெஞ்சில் இருக்கும் இருமல் அந்த இரண்டு வருஷத்துப் பஞ்சு, அதை அங்கே போட்டவள் நான்.

ஏனோக் விடவில்லை. “என் தம்பி பொண்டாட்டி எதையும் தச்சு ஒளிச்சு வைக்கிறவ, காகிதம் இவகிட்டதான் இருக்கு” என்று சொல்லிவிட்டார். நாளைக்கு என் வீட்டைச் சோதனை போட ஆள் வருகிறது. ஞானஸ்நானம் கொடுத்த அந்தச் சிறு சபை கலைந்து, அதன் பதிவேடும் போன இடம் தெரியவில்லை, ஏழை விடுதிப் புத்தகத்தில் உன் வயதுக்கு நேரே வெறும் கோடுதான். உன் உண்மையான வயதைச் சொல்ல இந்த ஒரு காகிதம்தான் உலகத்தில் இருக்கிறது.

காலையில் அதை எரிக்க அடுப்பைத் திறந்துவிட்டேன். ஆனால் காகிதத்தின் அடியில் உன் அம்மாவின் பெயர், எழுதத் தெரியாதவர்கள் போடும் சிலுவைக்குறி போடாமல் அவளே எழுதியது. அவளுடையது என்று உனக்கு வேறொன்றும் இல்லை. என்னால் முடியவில்லை. அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். எரித்தால் உனக்கு இருபத்தொன்று, எவனும் உன்னைத் தொட முடியாது. வைத்துக்கொண்டால் நன்றாக மறைத்து வை. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றினால் சொல், பொய்ச் சத்தியத்துக்குச் சிறைக்குப் போகப்போவது நான், அதை நினைத்து நீ முடிவெடுக்காதே. எட்டு வருஷத்துக்கு முன்னால் உன்னைக் கேட்காமல் உன் வயதை நான் முடிவு செய்தேன். இந்த முறை செய்யமாட்டேன்.

நெஞ்சுக்கு வாத்துக் கொழுப்புத் தடவி ஃபிளானல் துணி கட்டிக்கொள். பதிலில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அந்தக் காகிதத்தை என்ன செய்தாலும் இந்தக் கடிதத்தை மட்டும் கட்டாயம் அடுப்பில் போட்டுவிடு. கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன் பள்ளிப் பிள்ளைகள் உன்னிடம் நன்றாகப் படிக்கட்டும். நவம்பரில் உனக்கு இருபது ஆகும், யாருக்கும் சொல்லாமல் அன்றைக்கு ஒரு கேக் சுடுவேன்.

உன் அம்மா,
டார்கஸ் ஓர்மராட்