பலோமாவின் குட்டிக்குத் தகப்பன் யார்?

ஹான்கோகாலா,
ஜனவரி 21.

அன்புள்ள தம்பி ஃபெர்மினுக்கு,

பலோமாவின் குட்டிக்குக் காது கேட்காது. கால்நடை மருத்துவர் நியேவெஸ் நேற்று காலை நம் லாமாப் பட்டிக்கு வந்து, ஒரு மணி நேரம் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். போன வாரம் நான் போனில் சொன்னது என் சந்தேகம். இது அவள் கண்டு சொன்னது.

இங்கே நான் நலம். மழை இந்த முறை நாள் தவறாமல் பெய்கிறது. புல் கணுக்காலைத் தாண்டிவிட்டது. நீ கலாமாவில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரியவில்லை. கேட்டால் சாப்பிடுகிறேன் என்பாய். இதைக் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ நாலு வார்த்தை பேசிவிடுகிறாய். சனிக்கிழமை நீ, "கறிக்கு அனுப்பிடுக்கா, யாரு பார்த்தா?" என்று கேட்டபோது லைன் போனது சிக்னல் இல்லாததால் அல்ல. நான்தான் துண்டித்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். குட்டி பிறந்தது எட்டாம் தேதி காலை ஒன்பதரை மணிக்கு. பதினோரு கிலோ. உடம்பில் ஒரு கறுப்பு மயிர் கிடையாது. இரண்டு கண்ணும் நீலம். பால் குடித்தது, எழுந்து நின்றது, அன்று மதியமே ஓடியது. மூன்றாம் நாள் ஆலங்கட்டி மழை. தகரக் கூரை அதிர்ந்ததில் மற்ற ஆறு குட்டிகளும் தாய்களின் காலுக்கடியில் ஒண்டின. இது மட்டும் கூரைக்குக் கீழே நின்று என் பாவாடையின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. காற்று என் பக்கம் வீசும்படி, என் நிழலும் விழாதபடி பின்னால் நின்று பானையைத் தட்டினேன். திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், சீட்டியடித்தேன். திரும்பவில்லை. தரையில் காலை ஓங்கி மிதித்தேன். உடனே திரும்பியது! நான்கு நாள் இதையே செய்தேன். பக்கத்துப் பட்டி பிரிமித்திவா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, "என்னடி, கார்னிவல் நடனத்துக்கு இப்பவே பழகுறியா? உன் ஆட்டத்தைப் பார்த்தா குட்டிக்குக் கண்ணும் போயிடும்" என்றாள்.

பலோமா எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். முதல் இரண்டு நாள் மற்றத் தாய்களைப் போல முனகிக் கூப்பிட்டது. இப்போது முனகுவதே இல்லை. குட்டிக்கு முன்னால் வந்து நின்று மூக்கால் நெற்றியைத் தொடுகிறது. படுக்கும்போது முதுகோடு முதுகு ஒட்டிப் படுக்கிறது. அது எழுந்தால் குட்டியும் எழுகிறது. யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நியேவெஸிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

இனி உன்னுடைய கேள்விக்கு வருகிறேன். குட்டி உன் கிடா கபித்தானுடையதா?

நியேவெஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சாம்பல் நிறம், வெள்ளை முகம், இந்த மாதிரிக் கிடா வெள்ளைப் பெட்டையோட சேர்ந்தா சில சமயம் இப்படிப் பிறக்கும். கலர் பெட்டைங்களோட சேர்ந்தா வெளியே தெரியாமலே இருக்கும். அதனால கபித்தானோட மத்த ஒன்பது குட்டியும் நல்லா இருக்குங்கிறதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." கபித்தான் சாம்பல், வெள்ளை முகம். பிரிமித்திவாவின் சார்ஜெந்தோவும் சாம்பல், வெள்ளை முகம். இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பலோமாவை எந்தக் கிடாவோடு விட்டோம் என்பதுதான் கேள்வி.

போன வருஷம் ஜனவரி பத்தொன்பது வரை பட்டியில் கபித்தான் இருந்தது. அதற்குக் காலில் புண் வந்து, இருபத்திரண்டிலிருந்து இரண்டு வாரம் சார்ஜெந்தோவை இரவல் வாங்கினோம். சினைக்காலம் பதினொன்றரை மாதம், பத்து நாள் முன்பின் ஆகும். கணக்குப் போட்டால் இரண்டுக்கும் பொருந்துகிறது. அதற்காகத்தான் வழக்கப்படி கபித்தானோடு சேர்ந்த பெட்டையின் வலது காதில் சிவப்பு நூலும், சார்ஜெந்தோவோடு சேர்ந்ததற்குப் பச்சை நூலும் கட்டினேன். பிறகு கார்னிவல் வந்தது. செவ்வாய்க்கிழமை மந்தைக்கெல்லாம் காதில் புதுக் குஞ்சலம் தைத்தோம். பழைய கம்பளி ஒரு இழைகூடக் காதில் இருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தது நான். பலோமாவுக்கு ரோஜா நிறத்தில் தைத்தேன். பார்க்க மணப்பெண் மாதிரி இருந்தது. வெட்டிய நூல்களைக் கோகா இலையோடு சேர்த்துப் பூமித்தாய்க்குப் புதைத்துவிட்டோம். அடையாள நூலை முதலில் நோட்டில் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். பாட்டும் மேளமும் ஓடிக்கொண்டிருந்தன, நான் குறிக்கவில்லை. தப்பு என்னுடையது.

பிரிமித்திவா ஞாயிறன்று உருளைக்கிழங்கோடு வந்தாள். "எலியோதோரா, எதுக்குடி மண்டையை உடைச்சுக்கிறே? என் சார்ஜெந்தோ கிழடு. அவன் தலையில பழியைப் போட்டுடு. நான் இல்லைன்னு அவனா வந்து சாட்சி சொல்லப் போறான்?" என்றாள். விளையாட்டாக ஆரம்பித்தாள், முடிக்கும்போது விளையாட்டில்லை. நீ ஊர் திரும்ப வேண்டும் என்று அவளுக்கும் ஆசை. கபித்தான், லாமா வளர்ப்போர் சங்கத்தின் பொலிகிடாவாகத் தேர்வாகும் நாளில்தான் பட்டிக்கு வருவேன் என்று நீ சொல்லிப் போனதை இங்கே எல்லோரும் அறிவார்கள்.

கண்காட்சிக்கான சங்கத்தின் படிவம் மேசைமேல் கிடக்கிறது. ஐந்தாவது கேள்வி: "இக்கிடாவுக்குக் குறையுள்ள குட்டி பிறந்ததுண்டா?" உண்டு என்றால் கண்காட்சியில் பொலிகிடா வரிசையில் நிற்க முடியாது. காயடித்துவிட்டு ரோமத்துக்கான வரிசையில் நிறுத்தலாம். இல்லை என்று எழுதலாம் என்றுதான் இரண்டு நாள் நினைத்தேன், ஃபெர்மின். பேனாவைக்கூட எடுத்தேன். ஆனால் கபித்தானின் பெண் குட்டிகள் இப்போது ஐந்து வீட்டில் இருக்கின்றன. தேர்வானால் அது நாற்பது வீட்டுப் பெட்டைகளோடு சேரும். அவற்றில் வெள்ளை எத்தனை என்று எண்ண ஆரம்பித்தேன், பதினேழில் நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். சும்மாவே, யாருக்காகவும் இல்லாமல், எந்தக் கிடா என்று தெரிந்தாக வேண்டும் போலிருக்கிறது.

அதனால் நேற்று உன்னைக் கேட்காமல் உன் கிடாவின் ரத்தத்தை எடுக்கச் சொன்னேன். காதிலுள்ள வெட்டு அடையாளம் உன்னுடையது, கிடா உன்னுடையது, நீதான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாய். கோபப்பட உனக்கு உரிமை உண்டு. பலோமா, குட்டி, இரண்டு கிடாக்கள் என்று நான்கு குழாய். கபித்தான் நியேவெஸின் தொப்பியில் காறித் துப்பியது. சார்ஜெந்தோ அசையாமல் நின்றது. "பேரு கபித்தானாம், ஊசியைப் பார்த்ததும் கத்துறான். என் ஆளைப் பாரு, ஆம்பளை!" என்று பிரிமித்திவா பட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அவளையும் கேட்காமல் விடவில்லை. "எடுத்துக்கோ" என்றாள், சார்ஜெந்தோவின் கயிற்றை அவளே பிடித்துக்கொண்டாள்.

கபித்தான் நன்றாக இருக்கிறது. நவம்பரில் கத்தரித்த பிறகு ரோமம் ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. தோளில் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளி மாதிரி மின்னுகிறது. முட்களைத் தினமும் கையாலேயே பொறுக்குகிறேன். கயிற்றில் நிற்கப் பழகிவிட்டது. நடுவர் மாதிரி நான் முதுகைத் தடவினால் பொறுத்துக்கொள்கிறது, பல்லைப் பார்க்க உதட்டைத் தூக்கினால் மட்டும் விடுவதில்லை. அது உன் கைக்குத்தான் வாய் திறக்கும்.

குட்டியைக் கறிக்கு அனுப்ப மாட்டேன். அதை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது, மற்றபடி வளர்க்கலாம் என்று நியேவெஸ் சொல்லிவிட்டாள். ரோமம் மிக மெல்லியது. மேய்ச்சலில் நரி வந்தால் இதற்குக் கேட்காது என்பதால் இந்த மழைக்காலம் முடியும்வரை வீட்டருகே மேயவிடுகிறேன்.

குழாய்கள் நேற்று மாலை பஸ்ஸிலேயே லா பாஸ் ஆய்வகத்துக்குப் போயாயிற்று. பிப்ரவரி ஆறு, வெள்ளிக்கிழமை மதியம், முடிவு கையில் வந்ததும் நியேவெஸ் கூப்பிடுவாள். சங்கம் படிவம் வாங்குவது பத்தாம் தேதியோடு முடிகிறது. ஆறாம் தேதிவரை ஐந்தாவது கேள்விக்கு எதிரே எதுவும் எழுத மாட்டேன். சார்ஜெந்தோ என்று வந்தால் கபித்தானைக் கண்காட்சிக்கு அழைத்துப் போகிறேன். கபித்தான் என்று வந்தால் காயடிக்கும் நாளை நீ சொல். நீ சொல்லாமல் யாரையும் தொட விட மாட்டேன்.

அன்று நான் சிக்னல் கிடைக்கும் மேட்டில் பன்னிரண்டு மணிக்கெல்லாம் போய் உட்கார்ந்திருப்பேன். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, எனக்கு அதைத் தனியாகக் கேட்கத் தெரியும். இத்தனை வருஷம் அப்படித்தான். ஆனால் கலாமாவிலிருந்து வியாழன் காலை ஒரு பஸ் புறப்படுகிறது, வெள்ளி விடியும்போது நம் குறுக்குச்சாலையில் நிற்கும். டிரைவரிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டேன். கிடா ஜெயித்தால்தான் வருவேன் என்று நீதான் சொன்னாய், தம்பி. நான் அப்படி ஒரு நிபந்தனை வைத்ததே இல்லை.

பூமித்தாய் உன் காலடிக்குத் துணையிருக்கட்டும். குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள்.

ஆறாம் தேதி மதியம் கபித்தானைப் பற்றித் தெரிந்துவிடும். அந்த நேரத்தில் நீ எங்கே இருப்பாய் என்பதுதான் எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை.

உன் அக்கா,
எலியோதோரா