திருநகருக்குள் டிப்பர்

மார்ச் 12, வியாழன்
காலையிலேயே அனல். கொடியில் காய்ந்த மகள் நிலாவின் யூனிஃபார்ம் தூசி படிந்து செம்மண் நிறம். மறுபடி துவைத்தேன். ஹைவேயை அகலப்படுத்துகிறார்கள். புளியமரங்கள் போயாச்சு. மண் ஏற்றும் டிப்பர்கள் நெரிசலுக்குத் தப்பித்து எங்கள் தெரு வழியாக. எல்லாம் கொழுந்தன் முத்துவின் வண்டிகள். நிலாவுக்கு மறுபடி மூச்சு இழுப்பு. கே.கே. நகர் டாக்டர்: "பாப்பா இருக்கிற ரூம்ல ஜன்னலைத் திறக்காதீங்க." இந்த வெயிலில்.

பால் வாங்க மறந்தாச்சு.

மார்ச் 15, ஞாயிறு
முத்து சாப்பிட வந்தான். வண்டிகளை வேறு வழியில் விடச் சொன்னேன்.

"ரோடு வந்தாத்தான் மதினி ஊரு வளரும். கப்பலூர்ப் பக்கம் இடம் எம்புட்டுக்குப் போகுது தெரியுமா?"

"புள்ளைக்கு மூச்சு விட முடியல, தம்பி."

"ஏசி வாங்கித் தாரேன். கதவைச் சாத்திட்டுப் படுங்க."

இவர் சிரித்தார், தம்பி ஏதோ வள்ளல் மாதிரி. கறியை மறுமுறை யாருக்கும் பரிமாறவில்லை.

மார்ச் 17, செவ்வாய்
ஏசி மாட்டியாச்சு. நிலா இருமாமல் தூங்கினாள். எனக்கும் நல்ல தூக்கம். அதுதான் எரிச்சல். எதிர்வீட்டுக் கைக்குழந்தைக்கு யார் வாங்கித் தருவார்?

கேஸ் புக் பண்ணணும்.

மார்ச் 18, புதன்
ஸ்கூட்டியைத் தெருவின் குறுக்கே நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்தேன். டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்து, முத்துவுக்குப் போன் போட்டார். வந்தான்.

"வண்டிய எடுங்க மதினி. தெருவே பாக்குது."

"பாக்கட்டும்."

"குடும்பத்துக்குள்ள இப்படிப் பண்ணலாமா?"

"நீ பண்ணலாம்னா நானும் பண்ணலாம்."

டிப்பர் ரிவர்ஸில் போனது.

வீட்டில் இவர் தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விட்டார். நல்லது.

மார்ச் 20, வெள்ளி
ஏசியைக் கழற்ற முத்து ஆள் அனுப்பினான். கழற்றிக்கொள்ளச் சொன்னேன். சுவரில் ஓட்டை. "சந்தோஷமா?" என்றார் இவர். ஜன்னலைத் திறந்தேன். தெரு அமைதி. கொஞ்ச நேரம்தான். பின்பக்கத் தெரு பாத்திமா எங்கள் வாசலில்.

"லாரியெல்லாம் இப்ப எங்க தெருவுலக்கா. எங்க அத்தாவுக்கு இளைப்புன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். வண்டியை மறித்தபோது அவள் அப்பாவின் நினைவு எனக்கு வரவே இல்லை.

நிலாவுக்கு மருந்து கொடுக்க இவரிடம் சொல்லிவிட்டு பாத்திமா கூடவே போனேன். இரண்டு பேரும் அவள் தெருவின் குறுக்கே நின்றோம். டிப்பர் நின்றது. டிரைவர் போனில் ஏதோ கேட்டார், தலையாட்டினார். திருப்பினார். அடுத்த தெருவுக்கு.