பெரிய எழுத்தில் வந்த திரை

அக்கா,

இன்று மதியம் கணினியைப் போட்டதும் திரை முழுக்கப் பெரிய பெரிய எழுத்தாக வந்தது. நேற்று ஏதோ அப்டேட் ஓடியிருக்கிறது, அதன் வேலைதான். ஆனால் எனக்கு முதலில் தோன்றியது, ‘இந்த அக்கா மறுபடி ஆரம்பித்துவிட்டார்’ என்பது. நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. என் புத்தி இன்னும் மாறவில்லை பாருங்கள்.

கருமத்தம்பட்டித் தறிப்பட்டறையில் சேலை பார்டருக்கு டிசைன் போட நம் இருவருக்கும் ஒரே கணினி. காலை ஷிப்ட் நீங்கள், மதியம் நான். ஒருமுறை லினக்ஸ் தொடங்கும்போதே திரை கருப்பாகி நின்றுவிட, கோயமுத்தூரிலிருந்து வந்த மெக்கானிக் தொடக்கக் கோப்பில் ‘நோமோட்செட்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து நம் இருவருக்கும் காட்டினார். படம் வந்துவிடும், ஆனால் எல்லாம் பெரிதாகத் தெரியும். கோளாறு தீர்ந்ததும் அவரே அதை எடுத்துவிட்டார்.

பல மாதம் கழித்து அந்தச் சொல் தானாக முளைத்தது. பார்டரில் பாதிதான் திரையில் அடங்கும், செட்டிங்கில் போய் மாற்றவும் வழியில்லை. நான் கோப்பைத் திறந்து அழிப்பேன், மறுநாள் மதியம் மறுபடி இருக்கும். கோப்பு கடைசியாக மாறிய நேரம் பார்த்தேன், காலை ஆறு பத்து. அந்த நேரத்தில் அங்கே உங்களைத் தவிர யார்?

கேட்டதற்கு, “எனக்கென்ன கண்ணு தெரியும், கரண்ட் போய்ப் போய் வருதல்லோ, அதுல ஆயிருக்குமாட்ட இருக்குது” என்றீர்கள். கரண்ட் வந்து கோப்பில் எழுதுமா? என் வேலையைக் கெடுத்து முதலாளியிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறீர்கள் என்று முடிவு கட்டினேன். மூக்கு இடிக்கத் திரையைப் பார்ப்பீர்களே, அதுவும் நடிப்பாகப் பட்டது. சொல்லை அழித்து, அந்தக் கோப்பில் கைவைக்கக் கேட்கும் பாஸ்வேர்டையும் மாற்றினேன். ஜெயித்த மாதிரி இருந்தது அக்கா, பொய் சொல்ல மாட்டேன்.

புதுப் பாஸ்வேர்டு என்னவென்று நீங்கள் கேட்கவே இல்லை. அதையும் சந்தேகப்பட்டேன்.

அந்த வாரம் உங்கள் டிசைனில் ஒரு வண்ணம் தப்பி, தறியில் ஏற்றிய ஒரு பாவு நூல் முழுக்கத் தவறாக நெய்துவிட்டார்கள். முதலாளி எல்லார் முன்னாலும் கத்தினார். வீட்டில் சோலி இருக்கிறது என்று சொல்லி மறுநாளே நின்றுகொண்டீர்கள். வேறு பட்டறைக்குத் தாவிவிட்டீர்கள் என்று ஊரெல்லாம் சொன்னவள் நான்தான்.

துக்கம் கேட்க வந்தபோது உங்கள் வீட்டுக்காரர் சொன்னார்: “சக்கரை கண்ணத் தின்னுபோட்டுதுங்க அம்மணி. தெரிஞ்சா நிறுத்திருவாங்கன்னு ஆருகிட்டயும் சொல்ல உடலீங்க. எழுத்தப் பெருசா வெச்சுத்தான் கடைசி ஆறு மாசம் ஓட்டுனாளுங்க.”

நான் சந்தேகப்பட்டது சரிதான், செய்தது நீங்கள்தான். ஏன் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இன்று திரையைச் சரிசெய்யவில்லை. பெரிய எழுத்திலேயே ஒரு பார்டர் போட்டுப் பார்த்தேன். நகர்த்தி நகர்த்திப் போட்டால் வருகிறது. கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள், நான் உள்ளே வந்ததும் ஒரு வண்ண நெம்பரைக் காட்டி, “இது ஆறா எட்டா, பாத்துச் சொல்லு கண்ணு” என்றீர்கள். என்னை ஆழம் பார்க்கிறீர்கள் என்று நினைத்து, “உங்களுக்குத் தெரியாததாங்க்கா” என்று சிரித்துவிட்டுப் போனேன். நீங்கள் ஆறு என்று போட்டீர்கள்.

எட்டு அக்கா. அது எட்டு.