நேபிள்ஸில் ஆறு மணி நேரம்

9 பிப்ரவரி 1907, சனி, இரவு 9.10. கண்ணாடிப் படங்கள் 24. விரிசல் இல்லை.

காலையில் மூடுபனி. கப்பல் போக ஹவுரா மிதவைப் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். பட்டறைக்குத் தாமதம். மேஸ்திரி கத்தினான். சுத்தியலை அவன் காலடியில் எறிந்தேன். அடங்கினான்.

கண்ணாடிப் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டும் படவிளக்கு, திங்களன்று கிளம்பும் கப்பலின் இரண்டாம் எஞ்சினியர் பழுதுபார்க்கத் தந்தது. பர்னரைச் சரி செய்தாயிற்று. திங்கள் காலை விளக்கையும் படங்களையும் முழுசாகத் திருப்பிக் கொடுத்தால் எனக்கு எஞ்சின் அறையில் ஃபிட்டர் வேலை. அண்ணாவிடம் சொல்லவில்லை. கடல் தாண்டினால் ஜாதி போச்சு என்பான்.

வழியில் நேபிள்ஸ் துறைமுகத்தில் கப்பல் ஆறு மணி நேரம் நிற்குமாம். பார்க்க வேண்டியவை (சீட்டு படப்பெட்டியில்):

10 மணி: துறைமுகக் கோட்டை.
11: மியூசியம்.
1: குன்றேறும் கயிற்று ரயில். கயிறு சுற்றும் டிரம், பிரேக் முக்கியம்.
எரிமலை: கரையிலிருந்து பார்த்தால் போதும்.
4: கப்பலுக்கு.

10, ஞாயிறு

இருட்டியதும் சுவரில் வேட்டி கட்டி விளக்கைச் சோதித்தேன். எரிமலைப் படம். மன்னிக்கு வாய் மூடவில்லை.

"மலை உச்சியில யாருடா அடுப்பு மூட்டினா? அந்தக் கல்லைத் தொட்டா சுடுமோ?"

அண்ணாவே சிரித்தான். அடுத்த படத்தை எடுத்துத் தரப் பெட்டிக்குள் கைவிட்டான். சீட்டு.

"நாலு மணி, கப்பலுக்கு... யாருடா?"

"நான்தான்."

"கடல் தாண்டிட்டு இந்தாத்துக்குள்ள காலை வைப்பியோ?"

"வைக்கலேன்னா போறது."

குடைக்காம்பால் அடித்தான். இடது புருவம் கிழிந்தது. பெட்டியைச் சுவரில் வீசினான். கழுத்தைப் பிடித்துத் தள்ளினேன். கதவு நிலையில் அவன் முகம் மோதிப் பல் ஒன்று தரையில். மறுபடி ஓங்கினேன். மன்னி குறுக்கே வந்தாள்.

"அவரைக் கொன்னுட்டுத்தான் கப்பல் ஏறப்போறியோ?"

கையை இறக்கினேன்.

பெட்டியில் முழுசு 9. தூள் 14. விளக்கில் இருந்த எரிமலையைக் காணோம்.

11, திங்கள், காலை 5.40

தூறல். கண் பாதிதான் திறக்கிறது. அடுத்த அறையில் அண்ணா ரத்தம் துப்புகிற சத்தம். மன்னி காபி வைத்தாள். புடவைத் தலைப்பிலிருந்து எரிமலையை அவிழ்த்தாள். ஓரம்கூட நொறுங்கவில்லை.

"இதாவது உடையாம போகட்டும். அவர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்."

சொல்லவில்லை. படத்தைப் பெட்டியில் வைத்தேன்.

இனி:

1. 9 மணிக்குக் கப்பல்துறை. 10 முழுசு, 14 தூள். எஞ்சினியரிடம் முதல் பேச்சே அதுதான். கைதவறி விழுந்தது என்று பொய் கூடாது.
2. ஃபிட்டர் வேலை இல்லை என்றால் கரி அள்ளக் கேட்பது. அதுவும் இல்லை என்றால் அடுத்த கப்பல்.
3. வழியில் பல் டாக்டரை வீட்டுக்கு அனுப்புவது. யார் அனுப்பியது என்று சொல்லக் கூடாது.
4. சீட்டில் திருத்தம்: கோட்டை, மியூசியம், கயிற்று ரயில் வேண்டாம். ஆறு மணி நேரமும் எரிமலைக்கு. மன்னிக்கு ஒரு கல்.