ஐந்து பாகப் படமும் அம்மாவின் கடைசி வார்த்தையும்

நோர்வூட்
12.08.2006

அன்பு மகள் ஊர்மிளாவுக்கு அப்பா எழுதுவது. மழையும் பனியுமாக இருந்தாலும் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, ஜோர்தான் வெயிலில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். லயத்துக் கூரை போன மாதம் இரண்டு இடத்தில் ஒழுகியது, இந்த மாதம் நாலு இடம். பக்கத்து வீட்டுக் காம்பரா அழகம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, எழுத உட்காருவதும் பேனாவை மூடிவைப்பதுமாக நாள் போய்விட்டது. வெட்கம்தான் காரணம். அந்த இங்கிலீஷ் போலீஸ்காரர் படத்தின் ஐந்து பாகத்தையும் தமிழ்க் குரலோடு சீடியில் பார்த்ததாக எழுதியிருந்தாய். நான் சின்ன வயதில் உனக்குச் சொன்னதை நம்பி, இரண்டாம் பாகத்தில் மயங்கி விழும் அவருடைய அம்மா பிறகு திரும்பி வருவாள், ஐந்தாம் பாகத்தில் எல்லோருக்கும் சோறு பரிமாறுவாள் என்று கூட வேலை செய்யும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறாய். அவளோ இரண்டாம் பாகத்திலேயே செத்துப்போகிறாள், கடைசியில் அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் சிரித்தார்களாம். கடைசி வரியில், "படத்துல சொன்னதெல்லாம் பொய்யின்னா, அம்மா சாகும்போது என்னைப் பத்திச் சொன்னதா சொன்னீங்களே, அதுவும் பொய்யாப்பா?" என்று கேட்டிருந்தாய்.

முதலில் படத்தைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபம். துரை பங்களா சமையற்கட்டில் ஒன்பது வருஷம் இருந்ததால் எனக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு என்று தோட்டமே நம்பியது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சூப்பும் டோஸ்டும் சுடுதண்ணியும்தான். ஞாயிறு இரண்டு மணிக்கு நஸார் கடையிலிருந்து வாடகைக்கு வீடியோ டெக் கொண்டுவந்து தோட்டத்துக் கிளப்பில் படம் போடுவோம், நான் பிரம்போடு டிவி பக்கத்தில் நின்று கதை சொல்வேன். கசட்டுகளும் ஒழுங்காக வரவில்லை. நோர்வூட்டுக்கு முதலில் வந்ததே நாலாம் பாகம், பிறகு இரண்டு, முதல் பாகம் இரண்டு வருஷம் கழித்து வந்து சேர்ந்தது. இரண்டைப் பார்த்த பிறகு, நாலில் அந்த அம்மா ஏன் இல்லை என்று கேட்டவர்களிடம், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று அடித்துவிட்டேன். போன கிழமை நஸார் கடையில் உட்கார்ந்து அந்த ஐந்து பாகத்தையும், அப்போது கிளப்பில் போட்ட கப்பல் படத்தின் நாலு பாகத்தையும் வரிசையாகப் பார்த்தேன், அவர் மகன் இர்ஷாத் அர்த்தம் சொன்னான். கப்பல் படத்தில் முதலில் ஒரு வாய்த் தண்ணீருக்கு அடித்துக்கொள்கிறார்கள், ஆனால் பாகத்துக்குப் பாகம் ஆள் சேர்ந்து, கடைசியில் கப்பலில் பிறந்த பிள்ளையே சுக்கானைப் பிடிக்கிறது. போலீஸ்காரருக்கு முதல் பாகத்தில் வீடு நிறைய ஆள், பிறகு பாகத்துக்கு ஒருவராகக் குறைந்துகொண்டே போகிறார்கள். நான் கப்பல் படத்தின் முடிவைக் கொண்டுபோய் இந்த மனுஷனுக்கு ஒட்டிவிட்டேன். "அண்ணே, நீங்க சொன்ன கததான் நல்லாருந்திச்சு" என்று நஸார் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அம்மா இராசமணி போய் இரண்டு மாதத்தில் அந்த இரண்டாம் பாகம் வந்தது. படத்தில் அந்த அம்மா விழுந்ததும் முன்வரிசையில் இருந்த நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். உனக்கு ஏழு வயது. மயக்கம்தான், அடுத்த பாகத்தில் வருவாள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை.

இனி எழுத வேண்டியதுதான் கஷ்டம். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஞாயிறு நாலாம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்குத் தோட்டத்து லொறி ஆஸ்பத்திரிக்குப் போகிறது, "வாங்கண்ணே, அக்கா ஒங்களத்தான் கேக்குது" என்று அழகம்மா வாசலில் நின்று கூப்பிட்டாள். அத்தனை சனமும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது, அந்தப் பிரம்பைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீ போ, நாளைக்கு வருகிறேன் என்றேன். ஐந்து மணிக்கெல்லாம் உன் அம்மா போய்விட்டாள். நான் பக்கத்தில் இல்லை மகளே. "ஊர்மிளாவ படிக்க வைங்க, அவ டீச்சராகணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் என்றேனே, அது நானாகக் கட்டியது. ஓ.எல். பரீட்சை தவறிய அன்று அம்மா சொன்னதைச் செய்ய முடியவில்லையே என்று நீ இரண்டு நாள் அழுதாய், அப்போதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் உன் போட்டோவைப் பார்க்கக் கூசுகிறது. அம்மா உண்மையில் கடைசியாகக் கேட்டதை அழகம்மா அன்றைக்கே வந்து சொன்னாள். "புள்ளைக்கு யாரு சோறு போட்டா?" என்று கேட்டாளாம், அவ்வளவுதான். படம் படமாகக் கதை சொன்னவனுக்கு அது சின்ன வார்த்தையாகத் தெரிந்தது, அதனால் வேறு செய்தேன். அவள் கேட்டதற்கு இன்றைக்குத்தான் பதில் எழுதுகிறேன், யாரும் போடவில்லை. சோற்றுப் பானையைக்கூடத் திறக்காமல் உன்னைக் கிளப்புக்குக் கூட்டிப்போனேன், நீ பசியோடு அங்கே விரித்திருந்த சாக்கிலேயே தூங்கிவிட்டாய்.

டீச்சராகவில்லை என்ற கவலையை இன்றோடு விடு, அப்படி உன்னிடம் யாரும் கேட்கவில்லை. நீ நல்லாயிருக்க வேண்டும், கையில் ஊசி ஏறாமல் தையல் மெஷினில் கவனமாக இரு. ஞாயிறு இரண்டு மணிக்கு நஸார் கடைப் போனுக்குப் பக்கத்தில் இருப்பேன், திட்டுவதாக இருந்தாலும் கூப்பிடு. சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பேன். அது அம்மா கேட்டது.

உன் அப்பா,
வீ. இராமையா