வார்டுக்குள் வரும் பார்லித் தண்ணீர்

அனுப்புநர்:
சாந்தினி த/பெ சபாபதி,
மாசாய், ஜொகூர்.

பெறுநர்:
டாக்டர் தனலெட்சுமி அவர்கள்,
தலைமை மருத்துவர்,
இதய அறுவைச் சிகிச்சைப் பிரிவு,
ஜொகூர் பாரு.

பொருள்: என் கணவர் ரூபேந்திரனுக்கு உறவினர் மறைவாகப் பார்லித் தண்ணீர் கொடுப்பதைத் தடுத்து உதவக் கோருதல்.

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

1. வால்வு மாற்றிய என் கணவர் நேற்று மல்லாந்து படுத்துத் தூங்கினார். மூச்சுத் திணறலால் வருடக்கணக்கில் உட்கார்ந்தே தூங்கிய மனிதர் அவர். பக்கத்தில் இருந்து அந்தக் குறட்டையை ஆசையாகக் கேட்டேன். இது புகார் மனுதான். ஆனாலும் தங்களுக்கும் தாதியருக்கும் முதலில் நன்றி சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது.

2. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே தாங்கள் விளக்கினீர்கள். நுரையீரலுக்கு ரத்தம் தள்ளும் வலது பக்க இதயம் களைத்துப் போயிருக்கிறது, வால்வை மாற்றினாலும் அது தேற நாளாகும், அதுவரை உடம்பில் நீர் சேரக் கூடாது என்றீர்கள். அதனால்தான் நீர் பிரிய மருந்து, தினமும் எடை, அளந்து கொடுக்கும் தண்ணீர். எனக்குப் புரிந்தது.

3. என் புகார், கணவரின் அண்ணன் திரு. லோகேஸ்வரன் மீது. நம்மவர்களுக்கு ஆஸ்பத்திரி மருந்து என்றாலே சூடு, சூட்டுக்குப் பார்லி. சிகாமட்டிலிருந்து அவர் பிளாஸ்க்கோடு வந்தார். நான் தடுத்ததும், "என்னம்மா நீ, புருஷனுக்கு வாய் நனைக்கக்கூட குடுக்க மாட்றியே! மருந்தெல்லாம் சூடு லா" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். நான் கேன்டீனுக்குப் போன நேரம் பார்த்து ஊற்றியும் கொடுத்துவிட்டார். மறுநாள் இவருக்குக் கால் வீங்கியது, எடை ஏறியது. சூடு இறங்கவில்லை என்று அவர் இன்னும் பெரிய பிளாஸ்க் கொண்டுவந்தார். தாதி அதைக் கண்டுபிடிப்பதற்குள் இவருக்கு மூச்சு வாங்கி, மறுபடி தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே கொண்டுபோனார்கள். அவர் தேறி வார்டுக்குத் திரும்பும்வரை நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன்.

4. அவர் கெட்டவர் இல்லை. தம்பி என்றால் அவருக்கு உயிர், என் பயமே அதுதான். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அங்கே ஆளுக்கொரு பிளாஸ்க்கோடு வருவார்கள். தடுக்கத் தாதி இல்லை. நான் தடுத்தால் கொடுமைக்காரி என்பார்கள்.

5. ஆகவே, வெள்ளிக்கிழமை என் மூத்தார் லோகேஸ்வரனையும் உடன் வரும் சொந்தங்களையும் உட்கார வைத்து, எனக்குச் சொன்னதை அவர்களுக்கும் தங்கள் வாயாலேயே தமிழில் சொல்லும்படி பணிவுடன் வேண்டுகிறேன். டாக்டர் சொன்னால் கேட்பார்கள்.

என் கணவரிடம் தாங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். இன்று காலையும் தண்ணீர் கேட்டு, நான் மறுத்ததும் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். நடுவில் ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்கவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உதவியை நாடும்,
சாந்தினி
(கையொப்பம்)

இடம்: மாசாய்
நாள்: 8.7.2025