எங்கள் வீட்டில் இரண்டு உலை

என் பிடிவாதக்கார பாக்கியம் அக்காவுக்கு,

‘சாப்டியா?’ என்று கேட்டுவிட்டுத்தான் நாம் எந்தப் பேச்சையும் தொடங்குவோம். இப்போது அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த மாதம் உனக்கு முதல் தெவசம் வருகிறது. அதற்குள் சில சங்கதிகளை உன்னிடம் சொல்லித் தீர்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அலுப்பாக இருக்கிறது, அக்கா. உடம்பு அலுப்பு என்றால் படுத்து எழுந்தால் போய்விடும். இது ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுகிற அலுப்பு.

நாகல் நகர்க் கடை நீ பார்த்தபடியே இருக்கிறது. அதே ஜெராக்ஸ் மிஷின், அதே கம்ப்யூட்டர், வாசலில் அதே பெஞ்சு. காலையில் ஷட்டரைத் தூக்க வரும்போதே நாலைந்து பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி. “தம்பி, இந்தக் காப்பீட்டு அட்டை எனக்குக் கெடைக்குமா?” அறுபதைத் தாண்டிய என்னையும் தம்பி என்று கூப்பிட ஆள் இருப்பது ஒன்றுதான் ஆறுதல்.

ரேஷன் கார்டு இருக்கா? ஆதாரிலும் அதிலும் பேர் ஒரே மாதிரி இருக்கா? வருமானச் சான்று வாங்கியாச்சா? போட்டோ எடுக்க நீங்களே நேரில் வர முடியுமா? கேட்டுக் கேட்டு என் நாக்கு தேய்ந்துவிட்டது. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வருமானம் பார்ப்பதில்லை என்று ஒரு திட்டம் இருப்பதால் அவர்களைச் சீக்கிரம் அனுப்பிவிடுவேன். எழுபதை எட்டாமல், நாலு காசு சம்பாதிக்கிற மகனோடு ஒரே கார்டில் இருப்பவர்கள்தான் என் உயிரை வாங்குகிறவர்கள். உன்னை மாதிரி ஆட்கள்.

போன வாரம் தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் வந்திருந்தார்கள். மகள் வீடு இங்கே இருக்கிறதாம். அந்த அம்மாவுக்கு நெஞ்சு வலி. கார்டில் இருக்கிற எல்லாருடைய வருமானத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள், மகன் வருமானத்தோடு சேர்ந்தால் வரம்பைத் தாண்டிவிடும் என்று சொன்னேன். நீங்கள் ரெண்டு பேரும் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டால் உங்களுக்கென்று தனி ரேஷன் கார்டு கேட்கலாம், வந்து பார்த்துவிட்டுத் தருவார்கள், அப்புறம் உங்கள் வருமானத்தை மட்டும்தான் பார்ப்பார்கள் என்றும் சொன்னேன். பெரியவர் மடியில் இருந்த மஞ்சள் பையைச் சுருட்டினார்.

“ஏனுங்க, பையன் வூட்ல இருந்துக்கிட்டே தனியா அடுப்புப் பத்த வெச்சா ஊரு என்னங்க பேசும்? பையன் சோறு போடலைன்னு பேசாதுங்களா?”

எழுந்து போய்விட்டார்கள். எனக்கு அவர் குரல் கேட்கவில்லை, உன் குரல்தான் கேட்டது. அடுத்து நின்றவரைச் செத்த நேரம் இருங்க என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனேன். 

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அக்கா. செத்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். பாசம் மட்டும் படலாமாம். அது என்ன நியாயம்?

உனக்கு இதய வால்வு கெட்டுப்போச்சு, ஆபரேசன்தான் வழி என்று மதுரையில் சொன்ன அன்றே முருகேசன் பம்புசெட் கடையை விற்கிறேன் என்று நின்றான். உன் மகன் வாயால் மட்டும் சொல்கிறவன் இல்லை, விற்றே இருப்பான். நீதான் “என் ஒருத்திக்காக எம் பிள்ளை நடுத்தெருவுல நிக்கணுமா?” என்று காலில் விழாத குறையாக அவனைத் தடுத்தாய். அப்போதுதான் நான் இந்தத் தனிக் கார்டு யோசனையைச் சொன்னேன். உனக்கும் மச்சானுக்கும் பூந்தோட்டத்தைத் தவிர வேறு வருமானம் கிடையாது. கார்டு பிரிந்தால் காப்பீடு கிடைக்கும், கடையும் தப்பும். நீயும் சரி என்றுதான் சொன்னாய். அகரம் வீட்டுப் பின்கட்டில் அடுப்பு வைத்தோம். ரெண்டு வாரம் அதில் சமைக்கவும் செய்தாய்.

விசாரணைக்கு ஆபீசர் வந்த அன்று நானும் இருந்தேன். நல்ல மனிதர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். “தனியாத்தான் சமைக்கிறீங்களாம்மா?” என்று சாதாரணமாகக் கேட்டார். நீ ஆமா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உன் கண் வாசல் பக்கம் போனது. அங்கே எதிர்வீட்டு ராமாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“தனியாவா? எவன் சொன்னான்?” என்று எழுந்தாய் நீ. “எம் மருமக கையாலதான் சார் நான் சாப்பிடுறேன். எங்க வீட்டுல என்னைக்கும் ரெண்டு உலை கொதிச்சதில்ல. செல்வி, சாருக்குக் காப்பி போடு.”

ஆபீசர் என்ன செய்வார்? காப்பியைக் குடித்துவிட்டு, ஒரே சமையல் என்று எழுதிக்கொண்டு போனார். ராமாயி தலையை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குள் போனாள். அவளுக்கு அன்று பேச ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஒரு சந்தோசம் உனக்கு. நான் தலையில் அடித்துக்கொண்டபோது, “போடா அப்பு, உசுரு இன்னைக்கு இருக்கும் நாளைக்குப் போகும், பேரு போனா வருமா?” என்றாய். மறுபடி எழுதிப்போடலாம் என்றேன். மல்லிகை சீசன் முடியட்டும் என்றாய். சீசன் முடிவதற்குள் நீ முடிந்துபோனாய்.

எந்தப் பேரைக் காப்பாற்றினாய், அக்கா? ராமாயி உன் சாவு வீட்டில் பந்திக்கு முந்திக்கொண்டு உட்கார்ந்து, ரசத்தில் உப்பு இல்லை என்றாள்.

சரி, சங்கதிக்கு வருகிறேன். நீ போன ஆறாம் மாதம் மச்சானுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. வரப்பில் உட்கார்ந்தவர் எழவில்லை. ரத்தக் குழாயில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். பழையபடி அதே கணக்கு. அவருக்கு எழுபது ஆக இன்னும் ஒரு வருசம் இருக்கிறது. ஒரு வருசம் தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டர், தள்ளிப்போட வேண்டாம் என்றார். முருகேசன் மறுபடி கடையை விற்கக் கிளம்பினான். நான் மறுபடி தனிக் கார்டு என்று வாயெடுத்தேன். மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார். “வேணாம் மாப்ள. உங்கக்கா போன வழியே நானும் போறேன். அவ கட்டிக் காத்த பேரை நான் கெடுக்க மாட்டேன்.”

எனக்கு அலுத்துவிட்டது. போங்கய்யா என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாசலில் செல்வி மறித்தாள். உனக்குத்தான் தெரியுமே, நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுகிற பெண். 

“சித்தப்பா, எழுதிப் போடுங்க. ஆனா பொய்யா வேணாம். பொய்யின்னு பின்னால தெரிஞ்சா ஆபரேசன் நேரத்துல வம்பு வரும். மாமா நெசமாவே தனியாப் பொங்கித் திங்கட்டும். அவரை நான் பேசிக்கிடுதேன்.”

என்ன பேசினாளோ, மறுநாளே மச்சான் பின்கட்டில் அடுப்பு முன்னால் குந்தியிருந்தார். நாற்பது வருசம் உன் கையால் தின்றவர், சுடுதண்ணி வைக்கத் தெரியாதவர். செல்வி வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, உள்ளே காலெடுத்து வைக்காமல் சொல்லிக்கொடுத்தாள். “விரலை வச்சுத் தண்ணி அளவு பாருங்க மாமா. அம்புட்டு வேணாம், கொழஞ்சிரும்.” முதல் நாள் கருகியது. மறுநாள் கூழானது. நீ பார்த்திருந்தால் சிரித்தே இன்னொரு தடவை செத்திருப்பாய். நான் சிரிக்கவில்லை. அந்தக் கருகின சோற்றை அவர் மிச்சம் வைக்காமல் தின்றதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் அழுதேன்.

இந்தத் தடவை வேறு ஆபீசர் வந்தார். ராமாயி மட்டும் அதே ராமாயி, அதே வாசல், அதே இடுப்பில் கை. ஆபீசர் கேட்டதும் மச்சான் கண்ணும் வாசலுக்குத்தான் போனது. என் பாதி உசுர் அங்கேயே போய்விட்டது, அக்கா. அப்போது செல்வி முன்னால் வந்தாள். ஆபீசருக்குச் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையே இல்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

“ஆமா சார். எங்க மாமா தனியாத்தான் பொங்கித் திங்கிறாரு. நான் அவருக்கு உலை வைக்கிறதில்ல. வேணுமின்னா பின்னால வந்து அடுப்பைப் பாருங்க.”

ராமாயி வாயைப் பொத்திக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் அகரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. “மாமியா செத்து வருசம் திரும்பல, மாமனார் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டா பாவி” என்று குழாயடியில் பேச்சு. செல்வியைப் பெற்றவள் போனில் அழுதிருக்கிறாள், உன்னை இப்படியா வளத்தேன் என்று. பூ மார்க்கெட்டில் ஒருவன் என்னிடமே வந்து, “உங்க அக்கா மருமக இம்புட்டு மோசமானவளா?” என்று கேட்டான். கையில் இருந்த குடையால் அவனை ஒரு போடு போடலாமா என்று இருந்தது. செல்வியிடம் ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்கிறேன் என்றேன். “விடுங்க சித்தப்பா. பேசி முடிச்சுட்டு அவங்களுக்கும் வேலை இருக்கும்ல” என்றாள். அவ்வளவுதான்.

நீ எந்தப் பேரைக் கட்டிக் காத்தாயோ, அதைத்தான் அவள் மச்சானுக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். உனக்கு இது புரிகிறதா? அங்கே இருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது?

கார்டு வந்தது. கடையில் வைத்துத்தான் மச்சானிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “குடும்பத்துல ஒரு ஆள்னு போட்டிருக்கே மாப்ள. நான் ஒருத்தன்தானா?” என்றார். பெஞ்சில் இருந்த பெரியவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு வருமானச் சான்று, காப்பீட்டு அட்டை என்று ஒவ்வொன்றாக வாங்கி, மதுரையில் ஆபரேசனும் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்துவிட்டார். மார்பில் நீளமாகத் தழும்பு. உன்னைக் கனவில் பார்த்தால் காட்டப் போகிறாராம்.

கார்டு தனி என்றால் அடுப்பும் தனிதான், அதில் செல்வி கறாராக இருக்கிறாள். சோறு அவரே வடித்துக்கொள்கிறார், இப்போது குழைவதில்லை. ஒன்று மட்டும் என்னிடம் கேட்டாள். கத்தரிக்காய்க் கூட்டுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வாசற்படியிலேயே நின்று கேட்டாள். “சித்தப்பா, வெஞ்சனம் குடுத்தா உலை ஒண்ணாயிருமா?” இத்தனை வருசம் எத்தனையோ பேருக்கு விதிமுறை சொன்னவன் நான். எனக்குத் தெரிந்து வெஞ்சனத்துக்குச் சட்டம் கிடையாது, கொடு தாயி என்றேன்.

தெவசத்துக்கு ஊரே வரும். ராமாயியும் வருவாள். அவளை நானே முதல் பந்தியில் உட்கார வைக்கிறேன். அன்றைக்குச் செல்வி என்னை எத்தனை தடவை கண்ணால் அடக்கினாலும் அடங்க மாட்டேன், நடந்ததை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவேன். இது சத்தியம். உனக்குப் படையலில் செல்வி வடித்த சோறு ஒரு பக்கமும், மச்சான் வடித்த சோறு ஒரு பக்கமும் ஒரே இலையில் இருக்கும்.

இந்தத் தடவையாவது ஒன்றும் பேசாமல் ரெண்டையும் சாப்பிட்டுவிட்டுப் போ, அக்கா.

உன் வாய்க்குப் பயந்து வளர்ந்த
உன் கூடப் பிறந்த தம்பி,
ராசு